சின்னத் தட்டு வாங்கினால் போதுமா?

அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, சோற்றைக் குறையுங்கள் என்று கிளினிக்கில் சொன்ன அன்றே, திரும்பும் வழியில் ஆறு சின்னத் தட்டுகள் வாங்கி வந்தேன். பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் வீட்டில் அதுவரை புழங்கியது 28 செண்டிமீட்டர் அகலப் பீங்கான் தட்டு. புதியது 20. மேசையில் வைத்ததும் அம்மா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னடி இது, சாமிக்குப் படைக்கவா?” என்றார்.

ஒரு வாரம் போயிற்று. அரிசி டின் எப்போதும் இறங்குகிற அதே வேகத்தில்தான் இறங்கியிருந்தது. என்ன நடந்தது என்று பிறகுதான் கவனித்தேன். சின்னத் தட்டில் சோறு கோபுரமாக ஏறியது. அது தீர்ந்ததும் “இன்னும் ஒரு கரண்டி போடு, தட்டுல ஒன்னுமே இல்ல” என்று இரண்டாம் சுற்று. தட்டை மாற்றியது நான். அளவை யாருமே மாற்றவில்லை.

தட்டு கண்ணை ஏமாற்றும் என்பது பொய்யில்லை. ஒரே அளவு வட்டம் இரண்டு. ஒன்றைச் சுற்றிப் பெரிய வளையம், மற்றொன்றைச் சுற்றி நெருக்கமான வளையம். பெரிய வளையத்துக்குள் இருப்பது சிறியதாகத் தெரியும். பெல்ஜியத்தின் ஜோசப் டெல்பூஃப் 1865-இலேயே இதை எழுதி வைத்தார். சோறு உள்வட்டம், தட்டின் விளிம்பு வெளிவளையம். ஒற்றைத் தோசையைப் பெரிய தட்டில் போட்டுப் பாருங்கள், அநாதையாய்க் கிடக்கும். அதையே சின்னத் தட்டில் போட்டால் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிறைவாகத் தெரியும்.

இதிலிருந்து ‘சின்னத் தட்டு வாங்கினால் எடை குறையும்’ என்று தாவுவதுதான் முதல் தவறு. நானும் தாவினேன். இந்த யோசனையை உலகம் முழுக்கப் பரப்பியதில் பெரும் பங்கு அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த பிரையன் வான்சிங்க்குக்கு உண்டு. 2018-இல் அவருடைய ஆய்வுகளில் முறைகேடு இருப்பதாக அந்தப் பல்கலைக்கழகமே அறிவித்தது. பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதற்காக எல்லாமே வெறும் கதை என்றும் ஒதுக்க முடியாது. 2015-இல் 72 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) அறிக்கை, பரிமாறும் அளவும் பொட்டலமும் பாத்திரமும் பெரிதானால் மக்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்றே சொன்னது. ஆனால் அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் பார்பரா ரோல்ஸ் குழு 2007-இல் வெளியிட்ட சோதனைகளில் தட்டின் அளவு சாப்பிட்ட அளவைக் குறிப்பிடும்படி மாற்றவில்லை. அதில் ஒரு சோதனை பஃபே சாப்பாடு. சின்னத் தட்டு கொடுத்தபோது ஆட்கள் கூடுதல் தடவை எழுந்துபோய் எடுத்து வந்தார்கள். படித்தபோது எங்கள் வீட்டில் யாரோ கேமரா வைத்திருந்தார்களோ என்று தோன்றியது.

பசியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் 2018-இல் வந்த ஆய்வில், சில மணி நேரம் சாப்பிடாமல் இருந்தவர்கள் தட்டில் இருந்த பீட்சாவின் அளவை மற்றவர்களைவிடச் சரியாகக் கணித்தார்கள். பசித்த கண்ணை ஏமாற்றுவது கடினம். இரண்டு மணி வரை ஒன்றும் சாப்பிடாமல் இருந்துவிட்டு, சின்னத் தட்டு காப்பாற்றும் என்று உட்கார்ந்தால் நடக்காது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைத் திடீரென்று பாதியாக்குவதும் தவறு. சில மருந்துகளோடு அது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

அடுத்தது, தட்டின் அகலத்தை மட்டும் பார்ப்பது. 20-க்கும் 28-க்கும் எட்டு செண்டிமீட்டர்தானே என்று தோன்றும். பரப்பைக் கணக்குப் போட்டால் ஒன்று 314 சதுர செண்டிமீட்டர், மற்றது 616. ஏறக்குறைய இரண்டு மடங்கு. மலேசிய சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’வை (மலாயில் ‘கால், கால், பாதி’) இங்கே நினைத்துப் பாருங்கள். தட்டில் கால்வாசி சோறு, கால்வாசி மீன் கோழி பருப்பு, பாதி காய்கறியும் பழமும். நல்ல வழிதான். ஆனால் பெரிய தட்டின் கால்வாசி, சின்னத் தட்டின் பாதிக்குச் சமம். எந்தத் தட்டின் கால் என்று கேட்காமல் பின்பற்றினால், விதியை மீறாமலே இரண்டு பங்கு சோறு உள்ளே போய்விடும். குழிந்த தட்டு என்றால் இன்னும் மோசம், ஆழம் மேலிருந்து தெரியாது. விளிம்பு அகலமான தட்டில் சோறு விழும் குழி மட்டும் எவ்வளவு என்று ஒருமுறை ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் இவ்வளவும் செய்யலாம். சோற்றின் மேல் பல குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் தட்டு உங்கள் கையிலேயே இல்லை. பினாங்கில் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். வரிசையில் நிற்கிறோம். பரிமாறும் அண்ணன் இடது கையில் தட்டைப் பிடித்து, சோற்றை அள்ளிப் போட்டு, கோழி வேண்டுமா மீன் வேண்டுமா என்று கேட்பதற்குள் மூன்று குழம்பு மேலே ஓடியிருக்கும். ‘பாஞ்சிர்’ என்று நாமே கேட்டு மூழ்கடிக்கச் சொல்வதும் உண்டு. குழம்பு மூடிய பிறகு அடியில் எவ்வளவு சோறு என்று எந்தக் கண்ணாலும் அளக்க முடியாது. இந்தச் சாப்பாடு பிறந்த கதையையும் மறக்கக் கூடாது. ‘கண்டார்’ என்பது தோளில் சுமக்கும் காவுத்தடி. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் அதில் சோற்றையும் குழம்பையும் தூக்கிக்கொண்டு போய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கு விற்றார்கள். மூட்டை தூக்கியவர் வயிற்றுக்குப் போட்ட கணக்கை ஏர்கோன் அறையில் உட்கார்ந்திருக்கும் நாம் அப்படியே வாங்கிக்கொள்கிறோம்.

கடையில் தட்டில் சோறு விழும் முன்பே பேசிவிட வேண்டும். “அண்ணே, அரைச் சோறு போதும், குழம்பு ஓரமா ஊத்துங்க” என்று கரண்டி சோற்றுப் பானைக்குள் போகும் முன் சொன்னால் வேலை நடக்கும். போட்ட பிறகு “குறைச்சுக்கங்க” என்றால் பின்னால் நிற்பவர் முறைப்பார். விலை பாதியாகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாழையிலைச் சாப்பாட்டில் விளிம்பே கிடையாது. இலை நீளம், சோறு நடுவில் சின்னக் குன்று. முடிவதற்குள் வாளியோடு ஆள் வந்துவிடுவார், எத்தனை தடவை போட்டோம் என்ற கணக்கு அங்கேயே போச்சு. கோலாலம்பூருக்குப் போனால் பிரிக்பீல்ட்ஸில் இதில் நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் கவனிக்காமல் விட்டது கிளாஸ். நம் கண், உயரத்துக்குக் கொடுக்கும் மதிப்பை அகலத்துக்குக் கொடுப்பதில்லை. ஒல்லியான உயரக் கிளாஸில் இருப்பது நிறையத் தெரியும். குட்டையான அகல மக்கில் அதைவிடக் கூடுதலாக ஊற்றினாலும் கொஞ்சமாகத் தெரியும். தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேநீரில் கண்டென்ஸ்டு மில்க் போகிறது என்பதால் இது சும்மா விஷயம் இல்லை. நான் அம்மாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நாளில், அவர் என் ‘சின்ன’ மக்கை எடுத்துத் தண்ணீர் நிரப்பித் தன் உயரக் கிளாஸில் ஊற்றினார். கிளாஸ் நிரம்பி மேசையில் வழிந்தது. “யாருக்குச் சர்க்கரை வரப்போகுதுன்னு பாரு” என்று துணியை என் கையில் கொடுத்தார்.

இப்போது எங்கள் வீட்டில் அளப்பது தட்டு அல்ல, கரண்டி. அரிசியை ரைஸ் குக்கரோடு வந்த கப்பில்தான் அளக்கிறோம். அது 180 மில்லி. சமையல் குறிப்புகளில் வரும் 240, 250 மில்லி கப் வேறு. இரண்டையும் மாற்றிப் போட்டுத்தான் பல வீடுகளில் சோறு மிஞ்சுகிறது, மிஞ்சினால் யாராவது சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். அம்மாவுக்கு மட்டமான இரண்டு கரண்டி. முதலில் கீரையோ வெள்ளரிக்காயோ தட்டில் ஏறும், பிறகே சோறு. குக்கர் மேசைக்கு வராது, அடுப்படியிலேயே இருக்கும். இரண்டாம் சுற்று வேண்டுமென்றால் முழங்கால் வலியோடு எழுந்து போக வேண்டும்; அம்மா பெரும்பாலும் போவதில்லை. பழைய 28 செண்டிமீட்டர் தட்டையே மறுபடி எடுத்துவிட்டார். ஆறு சின்னத் தட்டுகளில் இரண்டு சாமி மேடையில் பூவோடு இருக்கின்றன.