பிரிட்ஜுக்குத் துளை போடும் முன்

நான் செய்த முதல் எலக்ட்ரிக் கிட்டாரில், பிரிட்ஜுக்கு (பாடியின் மேல் தந்திகளைத் தாங்கும் உலோகப் பாகம்) அடியில் மூன்று மரக்குச்சிகள் ஒளிந்திருக்கின்றன. தப்பான இடத்தில் போட்ட துளைகளைப் பசை தடவி அடைத்த குச்சிகள். பெயிண்ட் சொதப்பினால் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கலாம். வயர் மாறினால் பிரித்து ஒட்டலாம். பிரிட்ஜ் நாலைந்து மில்லிமீட்டர் தள்ளிப் போனால் அந்தக் கிட்டார் எந்த ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) சுருதி சேராது.

முதல் தடவை செய்கிறவர்கள் பாடியை மட்டும் செய்யுங்கள். நெக்கை, அதாவது தந்தியை அழுத்தும் கழுத்துப் பகுதியை, ஃப்ரெட் அடித்ததாகவே வாங்கிவிடுங்கள். இருபத்திரண்டு ஃப்ரெட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது தனி வித்தை. நெக் கைக்கு வந்த பிறகுதான் பாடியை வரைய வேண்டும். நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பள்ளமிட்ட சிறு கட்டை) உள்விளிம்பிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் நடு வரை அளந்து இரண்டால் பெருக்கினால் ஸ்கேல் நீளம், அதாவது அதிரும் தந்தியின் கணக்கு நீளம், கிடைக்கும். ஃபெண்டர் வகை என்றால் 648 மி.மீ., கிப்சன் வகை என்றால் சுமார் 628. அட்டைப்பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் நீங்களே ஒருமுறை அளந்துவிடுங்கள்.

பாடிக்கு எந்த மரம், ஆல்டரா, ஆஷா, மகோகனியா என்று வாரக்கணக்கில் வாதாடுவார்கள். குவீன் குழுவின் பிரையன் மே 1963-ல் அப்பாவோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய கிட்டாருக்கு நெக் வந்தது ஒரு பழைய கணப்படுப்பின் மேல்பலகையிலிருந்து. சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். அந்தக் கிட்டாரைத்தான் இன்றுவரை வாசிக்கிறார். நன்றாகக் காய்ந்த, வெடிப்பில்லாத, 45 மி.மீ. தடிமனுள்ள பலகை போதும்.

நெக் உட்காரும் குழியை ரௌட்டரால் (மரம் குடையும் மின்கருவி) சுமார் 16 மி.மீ. ஆழத்துக்கு எடுக்க வேண்டும். ஒரே மூச்சில் இறக்காமல் 3 மி.மீ. 3 மி.மீ. ஆக எடுங்கள். நெக்கை அழுத்தி வைத்துக் கிட்டாரைத் தூக்கினால், ஸ்க்ரூ போடாமலே நெக் விழாமல் நிற்க வேண்டும். பாடியிலுள்ள துளைகளில் ஸ்க்ரூ தடையில்லாமல் சுழல வேண்டும், நெக்கில் மட்டும்தான் பிடிக்க வேண்டும். நெக்குக்கு வழக்கமான மேப்பிள் கெட்டி மரம்; மரையில் கொஞ்சம் சோப்பைத் தேய்த்துக்கொண்டால் ஸ்க்ரூ தலை முறியாது.

சரி, பிரிட்ஜ். நான் செய்த தப்பு இதுதான்: சாடில்களை (பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் உட்காரும், நகர்த்தக்கூடிய துண்டுகள்) பின்னால் கடைசிவரை தள்ளி வைத்துக்கொண்டு, அந்த இடம் 648-ல் வருகிற மாதிரி குறித்துவிட்டேன். ஃப்ரெட்டில் அழுத்தும்போது தந்தி கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறும். அதை ஈடுகட்ட ஒவ்வொரு தந்தியும் ஸ்கேலைவிடச் சற்று நீளமாக இருக்க வேண்டும். என் சாடில்களுக்குப் பின்னால் போக இடமே இல்லை. சரியான வழி, மெல்லிய E தந்தியின் சாடிலை முன்பக்கமாக (நெக் பக்கம்) நகர்த்தி, முன்னால் இன்னும் ஓரிரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து, அதை ஸ்கேல் கோட்டில் நிறுத்துவது. மற்றவை அங்கிருந்து பின்னால் போகும். தடித்த E மூன்று நான்கு மில்லிமீட்டர் போகும். அப்புறம் நட்டின் இரண்டு ஓரப் பள்ளங்களிலிருந்தும் தையல் நூலை இழுத்து பிரிட்ஜில் கட்டிப் பாருங்கள். இரு பக்கமும் நெக் விளிம்புக்கும் நூலுக்கும் இடைவெளி ஒன்றாக இருந்தால்தான் டிரில்லை எடுக்கலாம்.

பெயிண்டில் எனக்குப் பொறுமை கிடையாது. 320 உப்புத்தாள் வரை தேய்த்து டங் எண்ணெய் பூசிவிடுவேன். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள்.

வயரிங்குக்கு ஒரு ஹம்பக்கர் (தந்தி அதிர்வை மின்சிக்னலாக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்), ஒரு 500கே (கிலோ ஓம்) வால்யூம், ஒரு ஜாக் போதும். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) என்றால் 250கே. வால்யூமின் முதுகை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் ஈயம் உடனே பிடிக்கும். பிடிக்கவில்லையென்று சால்டரிங் அயர்னை அங்கேயே வைத்திருந்தால் உள்ளே வெந்துவிடும். பிரிட்ஜுக்குக் கீழே ஒரு கிரவுண்ட் வயர் போக வேண்டும், அதற்கான துளையைப் பூச்சுக்கு முன்பே போட்டுவிடுங்கள். ஆம்பில் மாட்டித் தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எல்லாம் சரி. தொட்டதும் கூடினால் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன.

கடைசியாக செட்டப். முதல் ஃப்ரெட்டையும் நெக் பாடியில் சேரும் இடத்து ஃப்ரெட்டையும் அழுத்தினால் ஏழாவதில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் கால் மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். நெக்கின் உள்ளே அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தி உயரம் ஒன்றரையிலிருந்து இரண்டு மி.மீ. பிறகு அதே ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) அழுத்திய சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சாடில் பின்னால், இறங்கியிருந்தால் முன்னால். பழைய தந்தியில் இதைச் செய்தால் மாலை முழுக்க வீண். புது செட் மாட்டி, நன்றாக இழுத்துவிட்டு, அப்புறம் உட்காருங்கள்.