அமெரிக்கப் பல்கலைக்கழகப் பணிக்குச் செல்லும் குமரி மாவட்டத்தாருக்கு: தடுப்பூசி ஆவணங்களும் விலக்கு விண்ணப்பமும்

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளிலிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வாளராகவோ ஆய்வகப் பணியாளராகவோ செல்பவர்களுக்கு, நியமனக் கடிதத்தைத் தொடர்ந்து தடுப்பூசி விவரம் கேட்கும் படிவம் ஒன்று வருவது வழக்கம். விசா கிடைத்த பிறகும் இது எதற்கு என்று பலர் குழம்புகிறார்கள். ஜே-1, எச்-1பி போன்ற தற்காலிக விசாக்களுக்குத் தடுப்பூசிச் சான்று நிபந்தனை அல்ல. குடியேற்ற விசாவுக்குத்தான் அது தேவை. படிவம் கேட்பது பல்கலைக்கழகம் தன் பணியாளர்களுக்கு விதிக்கும் தனி நிபந்தனை.

முதல் படி: உங்கள் பணிக்கு எந்தத் தடுப்பூசி கேட்கப்படுகிறது என்று படிவத்தில் பாருங்கள். மருத்துவமனையிலோ இரத்த மாதிரிகளைக் கையாளும் ஆய்வகத்திலோ பணியாற்றுபவருக்குக் கேட்பதைக் கணிதம் கற்பிப்பவருக்குக் கேட்க மாட்டார்கள். மாநிலச் சட்டமும் மாறும்; மொன்டானா மாநிலம் 2021ஆம் ஆண்டிலேயே, தடுப்பூசி போட்டாரா இல்லையா என்பதை வைத்துப் பணியாளரிடம் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. கொரோனா காலத்துப் பழைய கட்டுரைகளை நம்பி முடிவெடுக்க வேண்டாம். கூட்டாட்சி அரசின் ஒப்பந்ததாரர்களுக்கு (பல பல்கலைக்கழகங்களும் இதில் அடங்கின) 2021 செப்டம்பரில் பிறப்பிக்கப்பட்ட தடுப்பூசி ஆணை, 2023 மே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

இரண்டாம் படி: பழைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். அட்டை தமிழிலோ, திருவனந்தபுரத்தில் பிறந்தவர்களுக்கு மலையாளத்திலோ இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று பெயர்: அட்டையில் ஒற்றை எழுத்தாக நிற்கும் தகப்பனார் பெயர் பாஸ்போர்ட்டில் முழுதாக விரிந்திருக்கும், இருவரும் ஒருவரே என்று மருத்துவரின் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது. மற்றொன்று தேதி: நாம் ஆகஸ்ட் 5 என்று எண்ணி எழுதும் 05-08-1994ஐ அங்கே மே 8 என்று வாசிப்பார்கள். மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

அட்டை கிடைக்கவில்லையென்றால், நம்மில் பலருக்கு அதுதான் நிலைமை என்பதால், உடனே தடுப்பூசியிலிருந்து விலக்கு கேட்க எண்ண வேண்டியதில்லை. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, சின்னம்மை ஆகியவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் காட்டும் ஆன்டிபாடி இரத்தப் பரிசோதனை முடிவைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் சான்றாக ஏற்கின்றன. சிறு வயதில் அம்மை போட்டு எழுந்தவர்களுக்கு இந்த வழியே எளிது. விலக்கு கேட்பவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது விலக்கல்ல, இந்தப் பரிசோதனைத் தாள்தான் என்பது என் கருத்து.

மூன்றாம் படி: நாள் கணக்கு. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான) ஊசியின் இரண்டு தவணைகளுக்கும் இடையே குறைந்தது 28 நாள் வேண்டும். எம்எம்ஆர் போலவே சின்னம்மை ஊசியும் உயிருள்ள (வலுவிழந்த கிருமி கொண்ட) தடுப்பூசி. இரண்டையும் ஒரே நாளில் போடலாம். தவறினால் 28 நாள் பொறுக்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனையும் கேட்டால், அதை ஊசி போடும் நாளிலேயே செய்துகொள்ளுங்கள், அல்லது நான்கு வாரமாவது கழித்துச் செய்யுங்கள். நாம் பிறந்ததும் பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். தோலில் ஊசி குத்திப் பார்க்கும் முறை அதனால் தவறாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும் என்பதால், இரத்தத்தில் செய்யும் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் படி ஹெபடைடிஸ் பி. இரத்தத்தோடு தொடர்புள்ள பணிக்கு வருபவருக்கு, பணியேற்ற 10 வேலைநாட்களுக்குள் இந்தத் தடுப்பூசியை நிறுவனம் இலவசமாக வழங்க முன்வர வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி. வேண்டாம் என்றால் மறுப்புப் படிவத்தில் கையெழுத்திட்டால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. பின்னாளில் மனம் மாறினால், அதே பணியில் இருக்கும்வரை, இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம். இது விலக்கு விண்ணப்பத்திலிருந்து முற்றிலும் வேறானது.

ஐந்தாம் படி, உண்மையிலேயே விலக்கு தேவைப்படுவோருக்கானது. மருத்துவ விலக்குக்கு 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் துணை நிற்கிறது. முந்தைய தவணைக்கோ ஊசியிலுள்ள ஜெலட்டின், நியோமைசின் போன்ற பொருளுக்கோ கடுமையான ஒவ்வாமை, நோய் எதிர்ப்புச் சக்தியின் கடும் குறைபாடு ஆகியவை எம்எம்ஆர் ஊசிக்குத் தகுந்த காரணங்கள். கர்ப்ப காலத்தில் அந்த ஊசி தள்ளிவைக்கப்படும், அவ்வளவே. முட்டை ஒவ்வாமை எம்எம்ஆருக்குத் தடையில்லை. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் ஊரிலுள்ள தனியார் மருத்துவரானாலும், கடிதத்தில் எந்த ஊசி, என்ன காரணம், தற்காலிகமா நிரந்தரமா என்ற மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். “உடல்நலம் கருதி” என்று பொதுவாக எழுதிய கடிதம் திரும்பி வரும்.

சமய விலக்குக்கு அடிப்படை 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் 7ஆம் தலைப்பு (Title VII). உளமார்ந்த சமய நம்பிக்கையை அது காக்கிறது. அரசியல் கருத்தையோ சொந்த விருப்பத்தையோ காப்பதில்லை. போதகரின் கடிதம் சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும் சில படிவங்கள் கேட்கும். உங்கள் நம்பிக்கை எது, அது இந்த ஊசியோடு எங்கே முரண்படுகிறது என்பதை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். இணையத்தில் உலவும் ஆயத்தக் கடிதத்தை அப்படியே ஒட்டினால் உண்மையான நம்பிக்கைகூடச் சந்தேகத்துக்குள்ளாகும்.

விலக்கு கிடைத்தாலும் முகக்கவசம், அவ்வப்போது பரிசோதனை, வேறு ஆய்வகத்துக்கு மாற்றம் போன்ற ஏற்பாடுகளுக்கு இணங்க வேண்டியிருக்கலாம். அந்த ஏற்பாடு தன் பணிக்குக் கணிசமான கூடுதல் சுமையாகும் என்று காட்டினால் நிறுவனம் சமய விலக்கை மறுக்கலாம். 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் அது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அடுத்ததாகச் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் செய்ய 180 நாள் அவகாசம் உண்டு. பல மாநிலங்களில் அது 300 நாள். அங்கே பணியாற்றும் இந்தியக் குடிமக்களுக்கும் அந்த உரிமை உண்டு.