மரத்தையும் பறவையையும் முடிச்சுப் போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

காட்டு மர நாற்று வளர்க்க வரும் புதியவர்கள், தொடக்கத்தில் எல்லோரும் விழுகிற அதே குழிகளில்தான் விழுகிறார்கள். பெயரை மாற்றிச் சொல்வது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

டோடோ கதையை அப்படியே நம்புவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். மொரீஷியஸில் தம்பலகோக் என்றொரு அரிய மரம் இருக்கிறது, நம்ம இலுப்பை, சப்போட்டா குடும்பம். டோடோ என்ற பறவையின் வயிற்றுக்குள் போய் வந்தால்தான் அதன் கொட்டை முளைக்கும், 17-ஆம் நூற்றாண்டில் டோடோ அழிந்ததோடு மரத்தின் வம்சமும் நின்றுபோனது, மிச்சம் 13 கிழட்டு மரங்கள்தான் என்று 1977-ல் பறவை ஆய்வாளர் ஸ்டான்லி டெம்பிள் எழுதினார். 17 கொட்டைகளை வான்கோழிகளுக்கு ஊட்டினார். 7 நொறுங்கின, மீதி 10-ஐ விதைத்ததில் 3 முளைத்தன. சரி, ஊட்டாத கொட்டைகளையும் பக்கத்திலேயே விதைத்துப் பார்க்க வேண்டாமா? பார்க்கவில்லை. சும்மா விதைத்தாலே முளைக்கும் என்பது 1941-லேயே பதிவாகியிருந்த விஷயம்: கெட்டியான அந்த ஓட்டில் பலவீனமான கோடு ஒன்று ஓடுகிறது, முளை அந்த இடத்தில் ஓட்டின் ஒரு பகுதியை மூடி போலத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட குரங்கு, பன்றி, எலியெல்லாம் அந்தத் தீவின் காட்டைப் படுத்திய பாடு கதையில் வருவதே இல்லை.

கதைதானே என்று விடவும் முடியாது. தம்பி ஒருவர் ஒரு பை நிறையக் காட்டு ஜாதிக்காய் விதை பொறுக்கி வந்து, டோடோவை நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் அரத்தில் தேய்த்து அமிலத்தில் முக்கினார். உள்ளே இருந்த ஈரப் பருப்பு புளித்து நாறியது, அவ்வளவுதான், அடுத்த பழக்காலம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்தப் பழத்தைத் தின்னும் இருவாட்சிப் பறவை என்ன செய்கிறது? கொட்டையைச் சுற்றியிருக்கும் சதைப்பற்றான உறையை, அதாவது பத்திரியை மட்டும் எடுத்துக்கொண்டு கொட்டையை முழுசாகக் கக்கிவிடுகிறது, பல சமயம் தாய் மரத்திலிருந்து வெகுதூரம் தள்ளிப் போய். நாமும் பத்திரியைப் பிய்த்துக் கழுவி, காயவிடாமல் உடனே ஊன்றினால் போதும்.

வயதை அடித்துச் சொல்வது

தம்பலகோக்கில் ஆண்டு வளையமே கிடையாது. அந்த 13 மரங்களுக்கு 300 வயது என்று டெம்பிள் சொன்னதெல்லாம் மதிப்பீடு.

பறவை எண்ணிக்கையையும் மர எண்ணிக்கையையும் நேருக்கு நேர் வைப்பது

பறவை குறைந்தால் சில வருடங்களில் தெரிந்துவிடும், மரமோ கன்றே இல்லாமல் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். பெரிய மரங்களை எண்ணிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகாதீர்கள், கீழே குனிந்து கன்றுகளையும் எண்ணுங்கள்.

ஒரு மரத்துக்கு ஒரு பறவை என்று ஜோடி சேர்ப்பது

இருவாட்சி அத்தியும் தின்னும், பல்லியும் தின்னும்.