டூ-கே பெயின்ட்டும் ராத்திரி இருமலும்: என் அனுபவம்

வண்டிகளுக்கு டூ-கே பெயின்ட், அதாவது ஹார்டனர் என்ற இறுக வைக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் பெயின்ட், ஸ்ப்ரே செய்துகொண்டிருந்தேன். ராத்திரியானால் இருமல், நெஞ்சு இறுக்கம். லீவு நாட்களில் மட்டும் அது வராது. டாக்டரிடம் இதைச் சொன்னதும் வேலை நாளிலும் லீவிலும் மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதி எழுதிவரச் சொன்னார், வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. ஆஸ்துமா. காரணம் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம், உடம்புக்கு ஒருமுறை ஒவ்வாமல் போய்விட்டால் அப்புறம் துளியளவு சுவாசித்தாலே மூச்சுத் திணற வைக்கும்.

அதனால் ஸ்ப்ரே வேலையையே விட்டு, ஸ்ப்ரே அடிக்கும் அறையான பூத்துக்குத் தள்ளி டிங்கரிங் பக்கம் மாறினேன். இப்போது நிம்மதியாகத் தூங்குகிறேன்.

மற்றவர்களுக்காக முதலாளியிடம் பேசி, குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் மாஸ்க் வாங்க வைத்தோம். துணி மாஸ்க்கால் பயனே இல்லை. வாசனையையும் நம்பாதீர்கள், மூக்குக்குத் தெரிவதற்குள் அளவு மீறியிருக்கும். ஸ்ப்ரே முடிந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் பூத்துக்குள் மிதக்கும், ஃபேன் ஓடி அது முழுக்க வெளியேறும் வரை யாரும் மாஸ்க்கைக் கழற்றுவதில்லை, இதில் நான் கறாராக இருக்கிறேன். லீவில் குறைகிற இருமல் உங்களுக்கும் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், ஹார்டனரோடு வரும் பாதுகாப்புத் தாளையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.