ஹை-கீ உருவப்படம்: பின்னணி ஒளிரட்டும், முகம் வெளிற வேண்டாம்

எக்ஸ்போஷரை, அதாவது கேமரா பதிவுசெய்யும் ஒளியின் அளவைக் கூட்டிவிட்டாலே ஹை-கீ எனப்படும், வெண்மையும் வெளிச்சமும் மிகுந்த உருவப்படம் கிடைத்துவிடும் என்று எண்ணுவதுதான் தலையாய தவறு. இந்த முறையில் படம் ஒளிர்வதற்குக் காரணங்கள் இரண்டு: பின்னணி வெண்மையாக இருப்பது, முகத்தின் இரு பக்கங்களிலும் விழும் ஒளி ஏறக்குறைய சமமாக, மிஞ்சினால் ஒரு ஸ்டாப் (ஒளி இரு மடங்காகும் அளவு) வேறுபாட்டுடன் அமைவதால் நிழல் மெலிந்துவிடுவது. முகத்தின் நிறம் அதன் இயல்பிலேயே நிற்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சாட்ஸ்வொர்த்திலும் நம் வீட்டுத் திருமணங்களில் மாநிற மணப்பெண்ணை வெளுப்பாக்கிக் காட்டுவதை அழகு என்று ஏற்க என்னால் இயலாது. அளவுக்கு மீறிய எக்ஸ்போஷரில் தோலின் நுண்மை மறைகிறது, குங்குமத்தின் சிவப்பு வெளிறுகிறது, மல்லிகைச் சரம் பூப்பூவாகத் தெரியாமல் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கேமராவின் ஒளிமானி எதிரே உள்ள காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதுவதால், வெண்மை நிறைந்த சட்டகத்தைத் தானியங்கி முறையில் எடுத்தால் முகம் இருண்டுவிடும். ஆகவே முகத்தை மட்டும் ஸ்பாட் முறையில் அளந்து, அந்தத் தோல் நிறத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்வதே சரி.

பின்னணிக்குத் தனி ஒளி தராவிட்டால் அது சாம்பலாகத் தெரியும். முகத்தைவிட ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளி பெரும்பாலும் போதும். அதற்கு மேல் வெகுவாகக் கூட்டினால் வெளிச்சம் கன்னத்தின் ஓரத்தையும் கூந்தல் இழைகளையும் அரித்துவிடும். படம் எடுக்கப்படுபவர் சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும்.

சன்னல் ஒளியை நம்புவோர் இங்கே குறிப்பாக ஏமாறுவது திசையில். வடக்குச் சன்னலே மென்மையான ஒளி தரும் என்னும் அறிவுரை பூமியின் வடபாதிக்கு உரியது. டர்பனில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கேதான் இருக்கும் என்பதால், நமக்கு ஏற்றது தெற்குச் சன்னல். அதற்கு எதிர்ப்புறம் பெரிய வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்தினால் நிழல் நிரம்பிவிடும்.

கணினியில் திருத்தும்போது கறுப்பையும் சேர்த்து வெளிற வைப்பது இன்னொரு பிழை. கண்மணியிலும் இமையிலும் கூந்தலிலும் ஆழ்ந்த கறுப்பு எஞ்சியிருந்தால்தான் படம் மூடுபனி படர்ந்ததுபோல் ஆகாது.