பெய்தால், பெய்ததால்: சிக்கல்–தீர்வுக் கட்டுரை எழுத ஒரு செய்முறை

போன தவணையில் என் மகளின் தமிழ்க் கட்டுரை நோட்டு சிவப்புக் கோடுகளோடு வீட்டுக்கு வந்தது. அவள் எட்டாம் வகுப்பு. தலைப்பு: ‘உங்கள் ஊரில் உள்ள ஒரு சிக்கலும் அதற்கான தீர்வும்’. மொரீஷியஸின் தலைநகரான போர்ட் லூயியில் மழைக்காலத்தில் வரும் வெள்ளத்தைப் பற்றி எழுதியிருந்தாள். யோசனைகள் எல்லாம் சரியாக இருந்தன. காரணம் சொல்லியிருந்தாள், பாதிப்பு சொல்லியிருந்தாள், இரண்டு நல்ல தீர்வுகளும் சொல்லியிருந்தாள். ஆனால் ஓரத்தில் ஏழு இடங்களில் ‘வாக்கியப் பிழை’ என்று எழுதியிருந்தது. என்ன பிழை என்று எங்கும் இல்லை.

இரண்டு வாரம் அவளோடு உட்கார்ந்து அந்த ஏழையும் பிரித்துப் பார்த்தேன். மொரீஷியஸில் தமிழ் படிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் இது உதவும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், தமிழ் ஒரு பாடமாக மட்டும் என்று வளரும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது இது. பத்தி பிரிப்பது, முக்காலம், ஒருமை பன்மை எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

தேவையானவை

கோடு போட்ட தாள், பென்சில், இரண்டு நிற மார்க்கர் பேனா. நான் சிக்கலுக்கு ஆரஞ்சும் தீர்வுக்குப் பச்சையும் எடுத்துக்கொண்டேன். முதல் வரைவைக் கைபேசியில் அடிக்க விடாதீர்கள். ‘பெய்ததால்’ என்று அடிக்கத் தொடங்கினாலே விசைப்பலகை ‘பெய்தால்’ என்று பரிந்துரைக்கிறது, பிள்ளை அதைத் தொட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறாள். கையால் எழுதும்போது ஒவ்வோர் எழுத்தும் விரல் வழியாகப் போகிறது. இந்தப் பாடத்தில் ஒரே ஓர் எழுத்துதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

படி 1: சிக்கலை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்

எங்கே, எப்போது, என்ன. இந்த மூன்றும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். ‘வெள்ளம் ஒரு பெரிய பிரச்சினை’ என்பதில் எதுவும் இல்லை. ‘போர்ட் லூயியின் தாழ்வான தெருக்களில் கனமழையின்போது வெள்ளம் புகுந்துவிடுகிறது’ என்றால் படிப்பவருக்குப் படம் கிடைக்கிறது. வழக்கமாக நடப்பதால் நிகழ்காலம். ‘புகுகிறது’ என்பதைவிடப் ‘புகுந்துவிடுகிறது’ நல்லது, ஏனென்றால் அந்த ‘விடு’ நாம் விரும்பாத ஒன்று நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. சிக்கலைப் பற்றி எழுதும்போது இந்த ‘விடு’ மிகவும் பயன்படும்.

படி 2: காரணம்

இங்கேதான் ஏழு பிழைகளில் ஐந்து இருந்தன. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மகள் எழுதியது: ‘வாய்க்காலில் குப்பை நிறைந்தால் தெருவில் தண்ணீர் வந்தது.’

படித்தால் ஏதோ இடறுகிறது. எது என்று எனக்கே முதலில் பிடிபடவில்லை. அவளிடம், “இதைக் கிரியோலில் சொல்லு” என்றேன். “அகோஸ்...” என்று ஆரம்பித்தாள். அப்போதுதான் புரிந்தது. அவள் மனத்தில் இருந்தது ‘அகோஸ்’, அதாவது காரணம். தாளில் விழுந்திருந்தது ‘சி’, அதாவது நிபந்தனை.

தமிழில் இதுபோன்ற வினைகளில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு ‘த’தான் இருக்கிறது:

நிறைந்தால் – சி
நிறைந்ததால் – அகோஸ்

பெய்தால் – சி
பெய்ததால் – அகோஸ்

கிரியோலில் இரண்டு தனிச் சொற்கள் வாக்கியத்தின் முன்னால் நின்று வழிகாட்டுகின்றன. தமிழில் அந்த வேலையை வினையின் வாலில் ஒட்டிய ஓர் எழுத்து செய்கிறது. முன்னால் தேடிப் பழகிய கண்ணுக்கு வால் தெரிவதில்லை. அதனால் பிள்ளைக்கு யோசிக்கத் தெரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். என் மகளின் யோசனை சரியாகவே இருந்தது.

சரி, எப்படித் திருத்துவது? இலக்கணப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தேன், பெயரெச்சம், வினையாலணையும் பெயர் என்று. அவை பரீட்சைக்கு ஆகும், எழுதும் கைக்கு உதவவில்லை. உதவியது இதுதான். முதலில் இரண்டு சின்ன வாக்கியங்களாக எழுதச் சொன்னேன்:

குப்பை நிறைந்தது. அதனால் தண்ணீர் தெருவுக்கு வந்தது.

‘அதனால்’ அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல். இப்போது நடுவில் இருக்கும் முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு இரண்டையும் ஒட்டவேண்டும்:

குப்பை நிறைந்ததனால் தண்ணீர் தெருவுக்கு வந்தது.

அந்த ‘அதனால்’ உள்ளே அப்படியே தெரிகிறது பாருங்கள். ‘நிறைந்ததால்’ என்பது இதன் சுருங்கிய வடிவம். முதல் மாதம் முழுவதும் நீண்ட வடிவத்தையே எழுத விடுங்கள் என்பது என் கருத்து. ‘நிறைந்ததால்’ கட்டுரைக்கு அழகாக இருக்கும், உண்மைதான். ஆனால் ‘நிறைந்ததனால்’ என்று எழுதும் பிள்ளை அந்தத் ‘த’வைத் தொலைப்பதில்லை. கை பழகிய பிறகு அவளே சுருக்கிவிடுவாள். என் மகள் மூன்றாவது வாரத்தில் சுருக்கினாள்.

சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. வாக்கியத்தின் கடைசி வினையைப் பாருங்கள். ‘வந்தது’, ‘இடிந்தது’, ‘நின்றுபோனது’ என்று நடந்து முடிந்ததாக இருந்தால் நடுவில் ‘நிறைந்தால்’ நிற்க முடியாது. ‘வரும்’, ‘இடியும்’, ‘நின்றுபோகும்’ என்றால் நிற்கலாம். ‘மழை பெய்தால் வெள்ளம் வரும்.’ ‘மழை பெய்ததால் வெள்ளம் வந்தது.’ இந்த ஜோடியை அவள் மேசைமேல் ஒட்டிவைத்திருக்கிறோம்.

எப்போதும் நடக்கும் காரணத்துக்கு ‘-வதால்’ வரும்: ‘மக்கள் புட்டிகளை வாய்க்காலில் போடுவதால் அடைப்பு ஏற்படுகிறது.’ பேச்சில் ‘போடுறதால’ என்கிறோம், எழுத்தில் ‘போடுவதால்’.

பெயர்ச்சொல்லோடும் ‘ஆல்’ சேரும்: மழையால், குப்பையால், புயலால். ‘ம்’ இல் முடியும் சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். என் மகள் ‘வெள்ளமால்’ என்று எழுதியிருந்தாள். வெள்ளம் ‘வெள்ளத்து’ ஆகி, பிறகு ஆல் சேர்ந்து ‘வெள்ளத்தால்’ என்றாகும்.

இதே ஆல் கருவியையும் குறிக்கும் என்பதைச் சொல்ல ஒரு நல்ல எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே இருக்கிறது. 2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னிக்கு அருகே பவளப்பாறையில் மோதி நின்றது. ஆகஸ்டில் எண்ணெய் கசியத் தொடங்கியது, கிட்டத்தட்ட 1,000 டன் கடலில் கலந்தது. அப்போது ஊர் ஊராக மக்கள் கூடி, துணியைக் குழாய்போலத் தைத்து, கரும்புச் சோகையை அடைத்து, மிதக்கும் தடுப்புகள் செய்தார்கள். இப்போது இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்:

எண்ணெயால் கடல் கறுத்தது.
கரும்புச் சோகையால் தடுப்பு செய்தார்கள்.

முதல் ஆல் ‘அகோஸ்’, இரண்டாவது ஆல் ‘அவெக்’, அதாவது ‘கொண்டு’. ஒன்று சிக்கலைச் சொல்கிறது, மற்றது தீர்வைச் சொல்கிறது. அந்த நாட்களில் நாங்களும் பக்கத்தில் உள்ள மாயபூர் (Mahébourg) கரைக்குப் போயிருந்தோம். சோகை கையைக் கிழித்தது மகளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதனால் இந்த எடுத்துக்காட்டு அவளுக்கு உடனே ஒட்டிக்கொண்டது. உங்கள் பிள்ளைக்கும் அவளே தொட்டுப் பார்த்த ஒன்றிலிருந்து எடுத்துக்காட்டு கொடுங்கள்.

படி 3: பாதிப்பு

இதற்கு அதிகம் வேண்டாம். ‘இதனால்’, ‘இதன் விளைவாக’, ‘மேலும்’ என்ற மூன்று இணைப்புச் சொற்கள் போதும். ‘மிகவும் பயங்கரமான’ போன்ற அடைகளை அடித்துவிட்டு உறுதியாகத் தெரிந்த ஒரு செய்தியை வையுங்கள். 2013 மார்ச் 30 அன்று தலைநகரில் வந்த திடீர் வெள்ளத்தில் 11 பேர் உயிரிழந்தனர். இந்த ஒரு வாக்கியத்தின் பக்கத்தில் எந்த அடைமொழியும் நிற்காது. தேதியையும் எண்ணையும் எழுதும்போது பிள்ளை அதைச் சரிபார்த்திருக்க வேண்டும். நினைவில் இருப்பதாகத் தோன்றுவது போதாது.

படி 4: தீர்வு

இப்போது மார்க்கரின் நிறத்தை மாற்றுங்கள். அதோடு வினையும் மாறவேண்டும்.

கிரியோலில் ‘பிஸேன்’ என்றால் தமிழில் ‘வேண்டும்’. ‘கபாவ்’ என்றால் ‘-லாம்’ அல்லது ‘முடியும்’. அதன் எதிர்மறையான ‘பா பிஸேன்’ மனத்தில் வந்தால் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் தமிழில் ‘வேண்டாம்’ வேறு, ‘கூடாது’ வேறு. ‘குப்பை போட வேண்டாம்’ என்பது கேட்டுக்கொள்வது. ‘குப்பை போடக் கூடாது’ என்பது விதி.

மகளின் கட்டுரையில் எல்லா வரியும் ‘வேண்டும்’ என்றே முடிந்தது. வரிசையாக ஆறு ‘வேண்டும்’. எல்லாமே கட்டளையாகிவிட்டால் எது அவசரம், எது யோசனை என்று தெரியாது. மிக அவசியமான ஒன்றுக்கு மட்டும் ‘வேண்டும்’ கொடுங்கள், மற்றவற்றுக்கு ‘-லாம்’.

அடுத்து, யார் செய்வது? ‘வாய்க்கால்கள் சுத்தம் செய்யப்பட வேண்டும்’ என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். பெரியவர்களும்தான். இந்தச் ‘செய்யப்பட’ எனக்கு உடன்பாடில்லை. சிக்கலைச் சொல்லும்போது ‘குப்பை கொட்டப்படுகிறது’ என்றால் பரவாயில்லை, கொட்டியவர் யாரென்று தெரியாமல் இருக்கலாம். தீர்வைச் சொல்லும்போது ஆள் இல்லையென்றால் அது தீர்வாகாது. ‘நகராட்சி வாய்க்கால்களைத் தூர்வார வேண்டும்’, ‘கடைக்காரர்கள் குப்பைப் பைகளைக் காலையில் வெளியே வைக்கலாம்’ என்று எழுதச் சொல்லுங்கள். கோயில் அன்னதானத்தைப் பற்றி இன்னொரு பிள்ளை எழுதிய வரி எனக்குப் பிடித்திருந்தது: ‘ஏழு கறியும் பரிமாறும் நாளில் தொண்டர்கள் வாழையிலையோடு எவர்சில்வர் டம்ளரும் வைக்கலாம்.’ யார், எப்போது, என்ன செய்வது என்று எல்லாம் அதில் இருக்கிறது.

இப்போது படி 2 இல் நாம் விரட்டிய ‘தால்’ திரும்பி வருகிறது, இந்த முறை சரியான இடத்துக்கு:

‘வாய்க்காலின் வாயில் கம்பி வலை பொருத்தினால் புட்டிகள் அங்கேயே தங்கும்.’

தீர்வு இன்னும் நடக்கவில்லை, அதனால் இது ‘சி’. (‘பொருத்து’ போன்ற வினைகளில் ‘தால்’ இருக்கும் இடத்தில் ‘-னால்’ வரும்; காரணம் என்றால் ‘பொருத்தியதால்’.) மகள் இதைப் பிடித்துக்கொண்ட நாளில் தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் ‘நடந்தது: ததால்’ என்றும், வலப்பக்கம் ‘நடக்கலாம்: தால்’ என்றும் எழுதினாள். ஆரஞ்சு வாக்கியங்கள் இடப்பக்கம், பச்சை வாக்கியங்கள் வலப்பக்கம். நான் சொல்லிக்கொடுத்ததைவிட இது தெளிவாக இருந்தது. இப்போது எங்கள் வீட்டில் எல்லாக் கட்டுரையும் இந்த மடித்த தாளில்தான் தொடங்குகிறது.

படி 5: தீர்வை எடைபோடுதல்

ஒரு வரி போதும். ‘-ஆலும்’ என்ற வடிவம் இதற்கென்றே இருக்கிறது. ‘இவற்றைச் செய்தாலும் பெருமழையை நிறுத்த முடியாது, ஆனால் தண்ணீர் கடலுக்குப் போக வழி கிடைக்கும்.’

மகளின் திருத்திய பத்தி

‘போர்ட் லூயியின் தாழ்வான தெருக்களில் கனமழையின்போது வெள்ளம் புகுந்துவிடுகிறது. மலைகளிலிருந்து இறங்கும் நீர், வாய்க்கால்கள் அடைபட்டிருப்பதால் தெருவுக்கு வருகிறது. 2013 மார்ச் 30 அன்று வந்த வெள்ளத்தில் 11 பேர் உயிரிழந்தனர். 2024 ஜனவரி 15 அன்று பெலால் சூறாவளி வந்தபோது தெருவில் நின்ற கார்களை வெள்ளம் அடித்துச் சென்றது. நவம்பரில் சூறாவளிக் காலம் தொடங்குமுன் நகராட்சி வாய்க்கால்களைத் தூர்வார வேண்டும். வாய்க்காலின் வாயில் கம்பி வலை பொருத்தினால் புட்டிகள் அங்கேயே தங்கும். கடைக்காரர்கள் குப்பைப் பைகளை இரவில் வைக்காமல் காலையில் வைக்கலாம். இவற்றைச் செய்தாலும் பெருமழையை நிறுத்த முடியாது; ஆனால் தண்ணீர் கடலுக்குப் போக வழி கிடைக்கும்.’

பின்சேர்க்கை

ரோஸ்ஹில்லிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். ‘அதனால்’ ஒட்டும் முறையை மகனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவன் ‘மக்கள் குப்பை கொட்டினார்கள். அதனால்...’ என்று எழுதி, பிறகு ‘கொட்டினார்களதனால்’ என்று ஒட்டிவிட்டானாம். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஒட்டுமுன் வினையை ‘அது’ வடிவத்துக்கு மாற்றவேண்டும்: கொட்டினார்கள், கொட்டியது, கொட்டியதனால், கொட்டியதால். பன்மைக்கும் அப்படியே. ‘மரங்கள் விழுந்தன’ என்பது ‘மரங்கள் விழுந்ததால்’ ஆகும். யார் செய்தாலும், எத்தனை பேர் செய்தாலும், காரணம் சொல்லும் வால் ஒன்றேதான்.

இன்னொரு சேர்க்கை

எதிர்மறையை எப்படி எழுதுவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அங்கேயும் அதே மடித்த தாள்தான். இடப்பக்கம்: ‘மழை பெய்யாததால் நீர்த்தேக்கம் வற்றியது.’ வலப்பக்கம்: ‘மழை பெய்யாவிட்டால் நீர்த்தேக்கம் வற்றும்.’ ‘பெய்யாவிட்டால்’ என்பது பிள்ளைகளுக்கு வாயில் நுழையாது, ‘பெய்யாட்டி’ என்று எழுதிவிடுவார்கள். பத்து முறை சத்தமாகச் சொல்ல வைத்துவிட்டு எழுத விடுங்கள். ‘இல்லை’க்கு ‘இல்லாததால்’, ‘இல்லாவிட்டால்’. மகள் இப்போது நீர்த்தட்டுப்பாட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறாள், இந்த நான்கு சொற்களையும் தாளின் மடிப்புக்கு மேலே எழுதிவைத்திருக்கிறாள்.