கேப் ஜங்ஷன் திறந்திருக்கிறதா? கீறிப் பார்க்கும் முறை

அடுத்தடுத்த செல்கள் கேப் ஜங்ஷன் எனப்படும், கனெக்சின் புரதத்தாலான குழாய்கள் வழியே அயனிகளையும் சிறு மூலக்கூறுகளையும் நேரடியாகப் பரிமாறிக்கொள்கின்றன. சுமார் 1000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரையுள்ளவையே இதில் நுழையும். 1987-இல் வெளியான கீறல்-சாய முறை இந்த வரம்பைத்தான் பயன்படுத்துகிறது.

தட்டில் செல்கள் இடைவெளியின்றி முழுதாகப் படர்ந்திருக்க வேண்டும். கால்சியம், மெக்னீசியம் கலந்த பிபிஎஸ்-ஆல் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) கழுவுங்கள். குழாயில் நுழையக்கூடிய சிறிய மஞ்சள் சாயமான லூசிஃபர் யெல்லோவும் (மி.லி.க்கு 0.5 மி.கி.) 10,000 டால்டன் எடையுள்ள சிவப்புச் சாயமான ரோடமின் டெக்ஸ்ட்ரானும் சேர்ந்த கரைசலை ஊற்றி, புதிய ஸ்கால்பெல் பிளேடால் மெல்ல ஒரு கோடு இழுங்கள். 5 நிமிடம் கழித்துச் சாயம் போக நன்றாகக் கழுவி, 4% ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்திப் படமெடுங்கள். எல்லாத் தட்டுக்கும் ஒரே நேரம் கொடுங்கள். இல்லாவிட்டால் தூரத்தை ஒப்பிடவே முடியாது.

வெட்டுப்பட்ட செல்களுக்குள் இரு சாயங்களும் புகும். ஆனால் டெக்ஸ்ட்ரான் குழாயில் நுழையாது. வெட்டுப்பட்ட வரிசையிலேயே தங்கும். அதைத் தாண்டி மஞ்சள் பரவிய தூரம்தான் உங்கள் அளவு. சிவப்பும் அந்த வரிசையைத் தாண்டிப் போயிருந்தால் பிளேடு செல்களைப் பிய்த்திருக்கிறது, அந்தப் பகுதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கால்சியம் இல்லாத பிபிஎஸ் பெரிய ஆபத்து: பக்கத்துச் செல்லின் பாதியோடு ஜோடி சேராத அரைக்குழாய்கள் திறந்து, கீறாத செல்களும் சாயத்தை உறிஞ்சிவிடும். அதனால் கீறாத தட்டு ஒன்று கட்டாயம் வையுங்கள். கேப் ஜங்ஷனைத் தடுக்கும் மருந்தான கார்பெனாக்சோலோன் 100 மைக்ரோமோலார் இட்ட தட்டில் பரவல் குறைய வேண்டும். ஆனால் அது அரைக்குழாய்களையும் பேனெக்சின் என்ற வேறொரு புரதத்தாலான குழாய்களையும் தடுக்கும். அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.